டிக்கியில் எத்தனை முயல் கொள்ளும்?

ஒரு காட்டில் மின்கம்பம் நட்டு மூன்று மாதம் ஆவதற்குள் கார்க் கடையும் வந்துவிட்டது. கடையை வைத்தது ஏகாம்பரம் என்ற கீரி. புகை இல்லை, சத்தம் இல்லை, சொருகி வைத்தால் சார்ஜ் ஏறும், எடுத்தால் ஓடும் என்று அது மரத்துக்கு மரம் தட்டி மாட்டியது. விற்பனைக்கு இருந்தவை இரண்டே வகை வண்டிகள். ஒன்று 'குலவிளக்கு', ஏழு பேர் உட்காரும் பெரிய குடும்பக் கார். இன்னொன்று 'மலைதாங்கி', முன்னால் ஐந்து பேருக்கு இடமும் பின்னால் திறந்த தொட்டியும் வைத்த பிக்கப் வண்டி.

கடை திறந்த வாரமே பூபதி என்ற சிறுத்தை குடும்பத்தோடு வந்தது. மனைவி வடிவு, மூன்று குட்டிகள், வடிவின் அம்மா.

"எதுப்பா பெரிசு?" என்றது பூபதி.

"நீளத்துல மலைதாங்கி, அகலத்துல குலவிளக்கு சார்."

"எது வசதி?"

"அது குடும்பத்தைப் பொறுத்தது சார்."

"குடும்பம்தான் வாசல்ல நிக்குதே, பாத்துச் சொல்லு."

வடிவு அதற்குள் வண்டியைப் பற்றிக் கடையில் கொடுத்த பளபளப்பான தாளைப் படித்துக்கொண்டிருந்தது. "டிக்கியில அறுநூத்து இருபது லிட்டர் கொள்ளும்னு போட்டிருக்கே. டிக்கியில பாலா ஊத்தி வைப்பாங்க?"

"அது கம்பெனி கணக்கு மேடம்."

"நம்ம கணக்குல சொல்லு. எத்தனை முயல் கொள்ளும்?"

ஏகாம்பரம் காதைச் சொறிந்தது. அதற்குத் தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கடைக்குப் பின்னால் அருகம்புல் மேய்ந்துகொண்டிருந்தது தணிகாசலம். நடுத்தர வயது முயல். எதையும் இரண்டு முறை யோசிக்கும். அதனால் ஓட வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் தாமதமாகவே ஓடும். முயல் என்ற சொல்லைக் கேட்டுப் பூபதி தற்செயலாகத் திரும்பியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தணிகாசலம் ஓடியது. முன்னால் திறந்திருந்த ஒரே இடம் குலவிளக்கின் டிக்கி. உள்ளே பாய்ந்து மூலையில் ஒடுங்கிய பிறகுதான், இதிலிருந்து வெளியேற வேறு வழி கிடையாது என்பது அதற்கு உறைத்தது.

பூபதி வாயைத் திறந்துகொண்டு வந்தது. ஏகாம்பரம் குறுக்கே நின்றது.

"சார், ஒரு நிமிஷம். இதைச் சாப்பிட்டுட்டீங்கன்னா அளந்து காட்ட வேற முயலுக்கு நான் எங்க போவேன்?"

அது நியாயமாகப் பட்டதால் பூபதி வாயை மூடிக்கொண்டது.

ஏகாம்பரம் ஒரு சுண்ணாம்புக் கட்டி எடுத்து வந்தது. தணிகாசலத்தை ஓர் ஓரத்தில் படுக்க வைத்துச் சுற்றிலும் கோடு போட்டது. பிறகு பக்கத்தில் படுக்க வைத்துக் கோடு போட்டது. இப்படியே மூலைவரை போய் எண்ணியது. மூன்றாம் வரிசை சீட்டை மடக்கினால் பதினான்கு முயல். மடக்காவிட்டால் மூன்று, காதை மடித்துக்கொண்டால் நான்கு. முன்பக்கம், இன்ஜின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததால், அங்கே இரண்டு. மலைதாங்கியின் தொட்டியில் இருபத்திரண்டு.

"ஆனா மேல மூடி இல்லையே. முயல்னா சும்மா படுத்திருக்குமா?" என்றது வடிவு.

"தார்ப்பாய் கட்டிக்கலாம் மேடம்."

"மூணாவது வரிசையில எங்கம்மாவுக்குக் கால் நீட்ட முடியுமா?"

"அம்மாவுக்கு வால் ரொம்ப நீளமா மேடம்?"

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, தணிகாசலம் டிக்கியின் தரையைப் பார்த்தபடி நின்றது. வரிசையாகப் பதினான்கு சுண்ணாம்பு முயல்கள் படுத்திருந்தன. தான் செத்தால் இப்படித்தான் கிடப்போம் என்று அதற்கு ஓரளவு தெரியும். பதினான்கு முறை கிடப்போம் என்று தெரியாது.

பூபதி கடைசியில், "யோசிச்சுச் சொல்றோம்," என்றது. வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. "அந்த முயலை எடுத்து வையி. வண்டி எடுக்கிறப்போ சேத்துக் குடுத்துடு. மிதியடி சும்மாதானே குடுக்கிறீங்க, அந்த மாதிரி."

"செஞ்சிடலாம் சார்," என்றது ஏகாம்பரம்.

ஆக, பூபதி ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நாளே தணிகாசலத்தின் கடைசி நாள் என்று ஆயிற்று.

மறுநாள் முத்திரை ஆய்வாளர் வந்துவிட்டார். உடும்பு. பெயர் தர்மலிங்கம். ஒன்றைப் பிடித்தால் விடாது. விட வேண்டுமென்றால் மேலதிகாரியின் கடிதம் வேண்டும்.

"முயல் கணக்குல வியாபாரம் நடக்குதாமே. எங்க அந்த முயல்?"

ஏகாம்பரம் டிக்கியைத் திறந்தது.

"வியாபாரத்துல பயன்படுற அளவை எதுவா இருந்தாலும் முத்திரை இருக்கணும். படிக்கல்லா இருந்தாலும் சரி, முயலா இருந்தாலும் சரி," என்று சொல்லித் தர்மலிங்கம் தணிகாசலத்தின் இடது காதில் ஈய முத்திரை ஒன்றை அழுத்தியது. பிறகு விதியைப் படித்தது. "முத்திரையிட்ட அளவையைச் சுரண்டுவதோ கடிப்பதோ விழுங்குவதோ தண்டனைக்குரிய குற்றம்."

"விழுங்குறதும் இருக்குதுங்களா ஐயா?" என்றது தணிகாசலம்.

"முன்னெல்லாம் கோழிமுட்டையை வெச்சு அளந்தாங்க. நிறைய காணாமப் போச்சு."

"முத்திரை எத்தனை நாளைக்குங்க?"

"ஒரு வருஷம். அடுத்த வருஷம் சோதிப்பேன். அளவு மாறியிருந்தா முத்திரையை அறுத்துடுவேன். அதுக்கப்புறம் நீ வெறும் முயல்."

தணிகாசலம் அன்று புதருக்குத் திரும்பியபோது அதன் மனைவி செங்கமலம் காதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "நல்லா அழுத்தமாத்தான் போட்டிருக்கார். மழை வந்தா காதை மடிச்சுக்குங்க, நனைய விடாதீங்க. பொதருக்குள்ள நுழையறப்போ அந்தப் பக்கம் சாய்ச்சுக்குங்க." கொஞ்சம் யோசித்து, "எனக்கும் ஒன்னு கேட்டிருக்கலாம்," என்றது.

"ஒரு கடைக்கு ஒரு முயல்தானாம்."

"அது சரி."

அந்த ஒரு வருடம் தணிகாசலம் வாழ்ந்ததுபோல எந்த முயலும் வாழ்ந்ததில்லை. தலையைத் தூக்காமல் மேய்ந்தது. புல்லுக்கு நுனி, நடு, அடி என்று மூன்று ருசி இருப்பதையே அப்போதுதான் கண்டுபிடித்தது. அதுவரை நுனியைக் கடித்ததும் ஓட வேண்டியிருந்தது. சிறுத்தைகள் எதிரே வந்தால் காதைத் திருப்பிக் காட்டும். அவை பெருமூச்சு விட்டு விலகிப் போகும். இது நான்தானா, அல்லது பயந்துகொண்டு ஓடியதுதான் நானா என்று அதற்கு அவ்வப்போது சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் உட்கார்ந்து யோசித்தது. உட்கார்ந்தால் எதிரே புல் இருந்தது.

பூபதியோ வாரம் தவறாமல் கடைக்கு வந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரம் குலவிளக்குதான் என்று முடிவாகும். மறுவாரம் யாரோ ஒரு கழுதைப்புலி, "தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி போதாதே, பாறையில தட்டுமே," என்று சொல்லியிருக்கும். மலைதாங்கி என்று முடிவாகும். உடனே வடிவு, "அம்மாவைத் தொட்டியில உக்கார வெப்பீங்களா?" என்று கேட்கும். முழு சார்ஜில் மலைதாங்கி அருவிவரை போய்த் திரும்பும், குலவிளக்கு அருவிவரை போகும் என்று ஒரு பேச்சு கிளம்பியதில் இரண்டு மாதம் போயிற்று.

"நான் ஒன்னு கேக்கறேன்," என்றது வடிவு ஒருநாள். "நீங்க பொறந்ததுல இருந்து ஒரே நாள்ல ரெண்டு முயல் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் பதினாலு முயலுக்கு எதுக்குங்க எடம்?"

"ஒருநாள் பிடிச்சுட்டா எங்க வெக்கிறது?"

குடும்பம் என்றால் அப்படித்தான் முன்யோசனை வேண்டும் என்று வடிவுக்கும் பட்டது.

"சரி, பதினாலுதானான்னு இன்னொரு தடவை அளந்து காட்டச் சொல்லுங்க," என்றது.

தணிகாசலம் டிக்கியில் ஏறியது. ஏறவே ஏகாம்பரம் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. படுத்தது, புரண்டது, மீண்டும் படுத்தது. பதினொன்றோடு டிக்கி முடிந்துவிட்டது.

பூபதி சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தது. தணிகாசலத்தின் வயிற்றைப் பார்த்தது. அதன் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத தெளிவு வந்தது. "ஏகாம்பரம், இந்த முயல் ஊதிப்போச்சு. அளவு மாறினா முத்திரை செல்லாது, தெரியுமில்ல?"

"சோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு சார்."

"ஆறு நாள்தானே. காத்திருக்கேன்."

அந்த ஆறு நாளும் தணிகாசலம் ஒரு வாய் புல் தொடவில்லை. கடையைச் சுற்றி ஓடியது. மூன்று சுற்றில் படுத்துவிட்டது. ஏகாம்பரம், "ஐயா வர்றப்போ மூச்சை உள்ள இழுத்துப் பிடி," என்று யோசனை சொன்னது. இழுத்துப் பார்த்தது. வயிறு உள்ளே போய் முதுகுப் பக்கம் வந்து நின்றது.

ஏழாம் நாள் காலையில் தர்மலிங்கம் கோப்போடு வந்தது. பூபதி முன்னதாகவே வந்து, நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது. தணிகாசலம் ஒரு வருடம் யோசித்த முயல். மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றிச் சாவதைவிட உண்மையைச் சொல்லிச் சாவது மேல் என்று தோன்றிவிட்டது.

"ஐயா, மறைக்க விரும்பல. நான் பெருத்துட்டேன். பதினாலு கொண்ட எடத்துல பதினொன்னுதான் கொள்றேன்."

தர்மலிங்கம் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "படிக்கல் தன்னைப்பத்திக் கருத்துச் சொல்ற வழக்கம் இல்ல. சும்மா நில்லு."

பக்கம் பக்கமாகப் புரட்டியது. "விதிப்படி, அளவையை மூல அளவையோட ஒப்பிடணும். படிக்கல்லுன்னா தலைமை அலுவலகத்துல ஒரு மூலப் படிக்கல் இருக்கும். முயலுக்கு..." ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "போன வருஷம் மூல முயல் ஒன்னு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நம்மகிட்ட இருந்தது ஒன்னுதான். அதையே எழுதி அனுப்பியிருக்கேன். மூல முயல்: தணிகாசலம்."

"அப்படின்னா?" என்றது பூபதி.

"தணிகாசலத்தைத் தணிகாசலத்தோட ஒப்பிடணும்." தர்மலிங்கம் தணிகாசலத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு இன்னொரு முறை பார்த்தது. "ரெண்டும் சரியா இருக்கு."

"ஐயா, கண்ணால பாருங்க. உருண்டு கிடக்கு."

"மூல முயல் பெருக்காதுங்க. அதுதான் ஒரு முயல். அது பதினொன்னு கொண்டா, டிக்கி சுருங்கியிருக்குன்னு அர்த்தம்." அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையைப் புதுப்பித்தது. வந்ததோடு காட்டிலிருந்த மற்ற முயல்களையும் மூல முயலோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு முயல் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டுப் போனது.

ஏகாம்பரத்துக்கு விஷயம் உடனே பிடிபட்டது. "சார், பதினாலு முயல் எடம் வேணும்னா இனிமே குலவிளக்கு உங்களுக்குப் பத்தாது. மலைதாங்கிதான். புதுக் கணக்குல பதினேழு."

ஒரு வருட ஒப்பீடு ஒரே நொடியில் முடிந்தது. பூபதி மலைதாங்கியை வாங்கியது. மிதியடி மட்டும் கிடைத்தது. குகைக்குப் போகும் பாதையில் வண்டி திரும்பவில்லை என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. அதனால் அதைச் சார்ஜ் கம்பத்தடியிலேயே நிறுத்திவிட்டுக் குடும்பம் தினமும் அரைக் காதம் நடந்தது. வண்டி பெரிசானால் வீடு தூரமாகும் என்பதை எந்தத் தாளிலும் போடுவதில்லை. வடிவின் அம்மா மட்டும், "வண்டி வாங்கினதுல இருந்து நல்லா நடக்கிறேன்," என்றது.

பூபதி மறுநாள் ஒரு முயலைப் பிடித்துக்கொண்டு குகைக்குப் போனது. வடிவு பட்டியலைப் பார்த்தது.

"இது முக்கால் முயல்தானே. ஒரு முயல் கொண்டு வர்றேன்னு போனீங்க. மீதிக் கால் எங்க?"

பூபதி மீதிக் காலுக்காகத் திரும்பவும் வேட்டைக்குப் போனது. மறுநாளும் இரண்டு தடவை போனது. மற்ற சிறுத்தைகளின் வீட்டிலும் பட்டியல் வந்து சேர்ந்தது. முயல்கள் காலையில் ஓடின, மாலையிலும் ஓடின. மேய நேரமில்லாமல் இளைத்தன. அடுத்த பட்டியலில் அவை அரை முயல் ஆயின. சிறுத்தைகளுக்கு வேலை இன்னும் கூடியது.

செங்கமலம் ஒருநாள் மூச்சு வாங்கியபடி வந்து தணிகாசலத்தின் எதிரே உட்கார்ந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"பட்டியல்ல நான் அரையாம். பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க கொஞ்சம் இளைச்சீங்கன்னா நாங்க எல்லாரும் பெருத்துடுவோம். ஒன்னு போதும்னு அவங்களும் நின்னுடுவாங்க. உங்களைச் செத்துப்போகச் சொல்லலீங்க. கொஞ்சம் கம்மியா தின்னச் சொல்றேன், அவ்வளவுதான்."

"நாளையிலிருந்து பாரு," என்றது தணிகாசலம். மனதாரத்தான் சொன்னது.

நாளை வந்தது. குலவிளக்கு பத்து முயலுக்குச் சுருங்கினால் மலைதாங்கி இன்னும் நான்கு விற்கும் என்று கணக்குப் போட்ட ஏகாம்பரம், ஒரு கூடை நிறைய இளம்புல் கொண்டுவந்து எதிரே வைத்துவிட்டுப் போனது. தணிகாசலம் கூடையைப் பார்த்தது. புதர்ப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. நான் செய்வது சரியா, என்னால் இப்போது ஓட முடியுமா, இளைத்து முத்திரை போய்விட்டால் செங்கமலத்துக்கு யார் துணை, உண்மையைத்தானே சொன்னேன், யார் கேட்டார்கள் என்றெல்லாம் அது ஆழமாக யோசித்தது. யோசித்துக்கொண்டே ஒரு வாய் எடுத்தது. யோசித்துக்கொண்டே தின்றால் கொஞ்சம் அதிகமாகவே இறங்கும். கூடை காலியானபோது அதற்கு உண்மையிலேயே மனம் கனத்திருந்தது.

நீதி: உடம்பு பெருத்துவிட்டதே என்று ஓடாதே, அளவுகோல் வேலைக்கு மனுப் போடு. ஊர் தானாக இளைத்துவிடும்.