கட்டைக்குப் பின்னால் முளைத்தது

மனைவி நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று தலைவர் முடிவு கட்டியபோது அவர் வாயில் பற்பசை நுரைத்துக்கொண்டிருந்தது.

தலைவர் என்பது பெயரல்ல, ஆலையில் சங்கம் நடத்தியவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். ஆலை மூடிக் காலமாயிற்று. சிவப்புத் தொப்பி மட்டும் தலையை விட்டு இறங்கவில்லை. தூங்கும்போதாவது கழற்றச் சொல்லி மனைவி கேட்டதுண்டு. "கோரிக்கை பரிசீலனையில் இருக்கு" என்றார்.

ஞாயிறு விடிந்தால் அவள் கேமராவோடு காட்டுக்குக் கிளம்புகிறாள். காளான்களைப் படம் எடுக்கவாம். கூடப் போவது அதே ஆலையின் பழைய மேனேஜர். தலைவரை வெயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே மின்விசிறிக்கு அடியில் காலாட்டிய ஆசாமி.

"காளானைப் படம் எடுக்க ரெண்டு பேர் எதுக்கு?"

"ஒருத்தர் எடுக்கணும், ஒருத்தர் கண்ணாடி பிடிச்சு வெளிச்சம் காட்டணும்."

"அதை நான் பிடிக்க மாட்டேனா?"

"உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டேன். யாருக்கும் குனியாத முதுகுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்கென்ன?"

"அப்ப நிமிர்ந்தே உட்காருங்க. துணி காஞ்சதும் எடுத்து மடிச்சு வைங்க."

துணி மடிந்தது. மனம் மடியவில்லை. திரும்பி வருகிறவளுக்கு முழங்காலில் சேறு, முகத்தில் சிரிப்பு. சேற்றைப் பார்த்துச் சிரிக்கிறவர் உலகத்தில் உண்டா? ஆதாரத்தோடு பிடித்துவிட வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிறு பின்தொடர்ந்தார். போலீசுக்கே தண்ணி காட்டியவருக்குப் பெண்டாட்டி எம்மாத்திரம்? விழுந்து கிடந்த மரக்கட்டைக்குப் பின்னால் பதுங்கினார். தொப்பியைக் கழற்றலாமா என்று ஒரு யோசனை வந்தது. மேனேஜர் முன்னிலையில் தொப்பியைக் கழற்றுவதா? யோசனை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

எட்டிப் பார்த்தார். மட்கிய இலைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு காளான், பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் கிண்ணங்கள். அவற்றுக்கு முன்னால் மேனேஜர் சேற்றில் குப்புறக் கிடந்தார்.

"கண்ணாடியை இன்னும் இறக்குங்க, சார்."

"மூக்கு தரையில இடிக்குதும்மா."

"இடிக்கட்டும். உங்க நிழல் விழுது பாருங்க."

தலைவர் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். எத்தனை ஊர்வலம், எத்தனை துண்டறிக்கை. இந்த ஆளை ஓர் அங்குலம் இறக்க முடிந்ததா? இவள் கோஷமே போடாமல் சேற்றில் கிடத்திவிட்டாள்.

முந்திக்கொண்டு வீடு திரும்பி டீ போட்டு வைத்தார். அவள் வந்து தொப்பியையே பார்த்தாள்.

"பாசி ஒட்டியிருக்கு."

"மொட்டை மாடியில துணி எடுத்தேன்."

"மாடியில பாசியா. சரி."

அந்த 'சரி' அவருக்குச் சரியாகப் படவில்லை.

மாதக் கடைசியில் நூலகக் கூடத்தில் காளான் படங்களின் கண்காட்சி. எதிரியைக் கவிழ்த்தவளின் கணவர் என்ற மிடுக்கோடு உள்ளே போனார். கடைசிப் படத்தின் முன்னால் ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. மேனேஜர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பச்சைப் பாசி படர்ந்த கட்டைக்கு மேலே சிவப்பாக ஒரு குடை, குடைக்குக் கீழே திருதிருவென்று இரண்டு கண்கள். அடியில் மனைவியின் கையெழுத்தில் விளக்கம்: 'தானாக முளைத்தது. விஷமில்லை.'

அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சாருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. வர்ற ஞாயிறு கண்ணாடி நீங்கதான் பிடிக்கணும். குனிய மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க, ஆதாரம் சுவத்துல தொங்குது."