பாறைக்கு வந்த மானியம்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் அரசாங்கத்தை ஏமாற்றிய ஆள் ஹைதராபாத்திலேயே எங்கள் திருமுல்கேரி நோட்டு அங்கிள் ஒருவர்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீர் என்கிறது.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் தெலுங்கு நாக்கில் ஏறவில்லை. பேச வேண்டியதை யாரிடமாவது கேட்டு, தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, சர்ச்சில் வேதபாடம் வாசிப்பது மாதிரி நின்று வாசிப்பார். காய்கறி பேரமும் அப்படித்தான். அவர் பக்கத்தைத் தேடி முடிப்பதற்குள் கத்தரிக்காய் வாடிவிடும்.

புரோக்கர் பேச்சை நம்பி ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் வாங்கினார். அத்தனையும் பாறை. ஆடுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

போன வருடம் அந்தக் கிராமத்தில் கூட்டம் போட்டார்கள். பயிர் வைக்கிற நிலத்துக்குத்தான் இனி விவசாய மானியம், தரிசு வைத்திருப்பவர்கள் வந்து சொல்லிவிடுங்கள் என்றார்கள். அங்கிள்தான் முதல் ஆள். நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். "பூமி அந்தா பண்டே சார்" என்று அவர் வாசித்தது தெருவரைக்கும் கேட்டது. நிலம் முழுக்கப் பாறைதான் என்று அர்த்தம். அதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டாராம்.

அடுத்த மாதம் அங்கிள் போனும் கையுமாக ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, பாறைக்கு மானியம் வந்திருக்குடே."

"பாறைக்கா அங்கிள்?" என்றேன்.

நோட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. தெலுங்கில் பாறைக்கு banda, விளைச்சலுக்கு panta. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பண்ட’. நிலம் முழுக்க விளைச்சல் என்று மனுஷன் கணீரென்று வாசித்திருக்கிறார்.

திருப்பிக் கொடுக்கப் போனோம். குமாஸ்தா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கொடுக்கத்தான் ஃபாரம் இருக்கு. திருப்பி வாங்க ஃபாரம் இல்ல."

வாசலில் லட்சுமம்மா நின்றிருந்தார். பாறைக்குப் பக்கத்து நிலத்தில் குத்தகைக்குப் பருத்தி போடுகிறவர். மழையில்லாமல் முதல் விதைப்பு கருகிவிட்டது. அந்த வாரத்துக்குள் மறுபடி விதைக்காவிட்டால் வருடமே போச்சு; விதை வாங்க வழியில்லை. அவர் உழும் நிலத்துக்கான மானியம், கொண்டாப்பூர் பிளாட்டில் இருக்கும் நிலக்காரருக்குப் போய்விட்டது.

விஷயத்தைக் கேட்டு லட்சுமம்மா சிரிக்கவில்லை. "மீ பண்டகு வச்சிந்தி, நா பண்டகு ராலேது" என்றார். உங்கள் பாறைக்கு வந்தது, என் பயிருக்கு வரவில்லை. அந்த இரண்டு சொல்லின் வித்தியாசம் அப்போதுதான் அங்கிள் காதில் விழுந்தது. அவமானத்தில் தலை குனிந்துவிட்டார்.

லட்சுமம்மாவையும் கூட்டிக்கொண்டு, மானியப் பணத்தோடு நேரே விதைக்கடைக்குப் போனார். பருத்தி விதைப் பாக்கெட்டுகளை நீட்டினால் லட்சுமம்மா வாங்க மறுத்தார். அங்கிள் என்னிடம் கேட்டு, அங்கேயே நோட்டில் எழுதி, நின்று வாசித்தார்: "இது உங்க மானியம்தான்மா. அட்ரஸ் மாறி எனக்கு வந்துட்டு."

அடுத்த கூட்டத்தில் போனில் பாறையின் படத்தைக் காட்டித் தன் பெயரை அடிக்க வைத்தார். மானியம் நின்றது. லட்சுமம்மா பெயர் இன்னும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இந்த ஜூனில் அங்கிள் பென்ஷனில் விதை வாங்கினார். என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் லட்சுமம்மா முன்னால் நின்றார். நோட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அட்ரஸ் மாறி வந்துவிட்டது என்றார். நாற்பது வருடத்தில் அவர் பார்க்காமல், பிழையில்லாமல் சொன்ன ஒரே தெலுங்கு வாக்கியம் அந்தப் பொய்தான்.