தேரையின் மருவை நீக்கியது குறித்து அக்காவுக்கு

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கேமராவும் நலம். அங்கே அத்தான் நலமா என்று போனிலேயே கேட்கலாம். அவரே எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் கடிதம்.

நீதான் ஆரம்பித்தாய். "வருஷக்கணக்கா கல்யாணப் படம் எடுக்கிறவன், ஒரு தவளையை எடுக்க மாட்டானா?" என்று சிபாரிசு செய்தது நீ. அத்தானும் தன் தவளை ஆராய்ச்சிக்குப் படம் வேண்டுமென்று என்னை நம்பிக் காட்டுக்கு அழைத்துப்போனார். கிளையில் ஒரு பச்சைப்பாம்பு தலையைத் தூக்கி என்னைப் பார்த்ததா, பயத்தில் புத்தி நின்றுவிட்டது, வாய் மட்டும் தன் தொழிலைச் செய்தது: "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, இங்க பாருங்க, லேசா சிரிங்க." அத்தான் என் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார். அப்புறம் குளத்தங்கரையில் இரண்டு தவளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன, எனக்குப் பொறுக்குமா? ஒன்றைக் குச்சியால் மெல்ல நகர்த்தி, "ஒட்டி உக்காருங்க" என்றேன். "ரெண்டும் ஆம்பளை, மாப்ள" என்றார் அத்தான். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டும் கட்டிப்புரண்டு சண்டை போட்டு லென்ஸில் சேற்றை வாரி அடித்தன. அப்போதும் அவர் கோபப்படவில்லை, அக்கா. தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக ஒரு தேரை கிடைத்தது. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம் என்று சேற்றில் முட்டிபோட்டபடி கிசுகிசுத்தார். எல்லாப் பக்கமும் எடுத்தேன். அப்படியொரு ஒத்துழைப்பு எந்த மணப்பெண்ணும் எனக்குத் தந்ததில்லை. ஸ்டூடியோவுக்கு வந்ததும், கைப்பழக்கம் சும்மா இருக்குமா, அதன் முகத்திலும் முதுகிலும் இருந்த மருக்களை ஒன்றுவிடாமல் துடைத்து, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் ஏற்றி அனுப்பிவைத்தேன். அந்த மருக்களை வைத்துத்தான் இனம் பிரிப்பார்களாம்! எனக்கு யார் சொன்னார்கள்? அசல் படங்களும் இல்லை. அவற்றின் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காக மெமரி கார்டையும் அழித்துவிட்டேன்.

அத்தான் படத்தைப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எத்தனையோ வருஷமாக அவர் தேடியதை நான் பவுடர் போட்டு மூடிவிட்டேன், அதுதான் மனசைப் பிசைகிறது. இனி மணமக்களைத் தவிர உயிருள்ள எதையும் படமெடுப்பதில்லை, இது சத்தியம். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது எனக்காக நீ ஒரு வார்த்தை பேசு.

குட்டிக்கு என் முத்தங்கள். உனக்கு வணக்கம். அத்தானுக்கு, அவர் வாங்கிக்கொள்கிற அளவுக்கு, என் அன்பு.

உன் தம்பி

பின்குறிப்பு: பேச வேண்டாம், சத்தியமும் ரத்து. உறையை ஒட்டுவதற்குள் அத்தானே வந்துவிட்டார். முகம் கொடுக்காமல் நேராக நாற்காலியில் உட்கார்ந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒன்றையும் தொடாமல் அப்படியே அச்சிடப் போனேன்.

"கண்ணுக்குக் கீழ தொங்குதே, அதை எடுத்துடு மாப்ள."

"அடையாளம் போயிடாதா, அத்தான்?"

"என்னை அடையாளம் கண்டுபிடிக்க உங்க அக்கா இருக்கா. அந்தத் தேரைக்கு யாரு இருக்கா? நாம ரெண்டு பேருதான். நாளைக்குக் காலையில கிளம்புறோம்."