கொக்கேரியின் முதல் வெடி

"மன்னரின் கோழிக் கொட்டகையைத் திறந்து காட்டுங்கள்."

கொக்கேரி நாட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மழை கேட்கலாம், மானியம் கேட்கலாம், தேர்தல் வேண்டும் என்றுகூடக் கேட்கலாம். எல்லாத் தேர்தலிலும் மன்னர் ஒருவரே நிற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று, பறவை மருத்துவராக மாதரசி வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அவள் தாய் அஞ்சலையும் சொன்னாள்: "படிச்சிட்டோம்னு வாய வுட்றாதடி. அது ராசா தட்டுல கைய வைக்கிற வேல."

வாத்து மேய்த்துப் பிழைக்கிற குடியில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் மாதரசி. வாயை விட்டுவிட்டாள், அதுவும் சபை நடுவில்.

சபை இருமியது. பறவை நலத்துறை அமைச்சர் ஏகாம்பரநாதர் எழுந்தார்.

"மருத்துவரே, ஏரிப் பறவைகளைக் கொல்லும் இந்த நோய் வானத்திலிருந்து வருகிறது. அரண்மனைக் கோழிகளுக்கு மேலே கூரை இருக்கிறது. கூரைக்குக் கீழே நோய் வருவது சட்டப்படி சாத்தியமில்லை."

"நோய் வந்தது புரட்டாசியில். வடக்கிலிருந்து பறவைகள் வந்தது ஐப்பசியில். வராத விருந்தாளி எப்படி ஐயா எச்சில் பண்ணும்? கொட்டகைக் குப்பையை மீனுக்குத் தீனி என்று வண்டி வண்டியாய் ஏரியில் கொட்டுகிறீர்கள். அதில் கொண்டை நீலம் பாரித்துச் செத்த கோழிகள் கிடந்தன. பார்த்தேன்."

"அது மன்னரின் மீன்தானம்," என்றார் அமைச்சர் வருத்தத்தோடு. "குப்பை என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது."

முதல் ஆணை வந்தது. வானத்துப் பறவைகளை ஏரியிலிருந்து விரட்ட, கரையில் குடியிருப்போர் அனைவரும் வெடி வெடிக்க வேண்டும்.

கரைக்காரர்கள் வெடி அறியாதவர்கள். கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று கல்யாணத்துக்கும் வெடிக்க மாட்டார்கள், சாவுக்கும் வெடிக்க மாட்டார்கள். மாதரசியின் அப்பனை மேளம்கூட இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. இப்போது மன்னர் படம் போட்ட இலவச வெடி வீட்டுக்கு வீடு வந்தது. வெடிக்காதவர் நோயின் கூட்டாளி என்று அறிவித்தார்கள்.

அஞ்சலைக்குத் திரி கிள்ளத் தெரியவில்லை. சேவகன் ஒருவன் கிள்ளிக் கொடுத்தான். "பயப்படாதம்மா. பத்த வச்சதும் கைய இழுத்துக்க."

"எனக்கு இன்னாடா பயம்? பயமெல்லாம் அதுங்களுக்குதான்," என்று சொல்லிக்கொண்டே கொளுத்தினாள்.

ஏரி மரங்கள் ஒரே நொடியில் வெறிச்சோடின. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வானம் மறைய எழும்பின. நோய் முற்றியவை பறக்கும்போதே விழுந்தன. விழாதவை நாடெங்கும் குளம் குட்டை தேடி இறங்கின. ஓர் ஏரியோடு கிடந்த நோய், ஊர் ஊராய் வாசல் கோழிகளைப் பிடித்தது.

"பார்த்தீர்களா? வானத்திலிருந்துதான் வருகிறது!" என்று அமைச்சர் முழங்கினார். சபை மேசையைத் தட்டியது.

நாட்டின் பெயரில் கொக்கு இருப்பது கோழிகளின் மனத்தைப் புண்படுத்துவதாக அடுத்த ஆணை சொன்னது. நாடு கோழியேரி ஆயிற்று. பெயர் மாறியும் சாவு நிற்காததால் மூன்றாவது ஆணை பிறந்தது: ஏரித் தண்ணீரைத் தொட்ட வாத்துகளையெல்லாம் கொன்று புதைக்க வேண்டும்.

அந்த ஆணையை மட்டும் மாதரசி எதிர்க்கவில்லை. அம்மாவின் வாத்துகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்திருந்தன. குழி வெட்டியதும் அவள்தான், ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி உயிரை அடக்கியதும் அவள்தான். மறுநாள் விடிந்ததும் அஞ்சலை பட்டியைத் திறந்து, வழக்கம்போலக் குரல் கொடுத்து அழைத்துவிட்டு, கம்பை ஊன்றியபடி நின்றாள்.

அதைப் பார்த்த கையோடு மாதரசி சபைக்குப் போனாள்.

"எங்கம்மா வாத்த என் கையால கொன்னேன். சட்டம் சரிதான். அதே சட்டத்த அந்தக் கொட்டகைக் கதவுக்கு உள்ளயும் கொண்டு போங்க. வண்டி நேத்தும் ஏரிக்குப் போச்சு!"

அமைச்சர் கனிவோடு புன்னகைத்தார். "அலைகிற பறவைகளின் காலில் வளையம் பூட்டத் தீர்மானித்தோம். பறவைகள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே பறவைகளோடு அலைகிறவர்களுக்குப் பூட்டுகிறோம். அறுவடைக்கு அறுவடை வயல் மாறும் வாத்துக்காரர்களும் வந்தேறிகள்தாமே?"

"இந்த ஏரிக்குக் கரை போட்டதே எங்க ஆளுங்க."

"கரை இருக்கிறது, நன்றி. வளையம் பூட்டியவர்கள் மார்கழிக்குள் எல்லை தாண்ட வேண்டும். உங்கள் தாயாருக்கு மட்டும் விலக்கு அளிக்க மன்னர் திருவுளம் கொண்டிருக்கிறார். சந்தையில் நின்று, நோய் வானத்திலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னால் போதும். பட்டம் பெற்றவர் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள், அதுவும் உங்களில் ஒருவர்..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் மண்டபத்தைக் கடந்திருந்தாள்.

வாசற்படியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் புது வளையம், அதிலும் மன்னரின் முகம். சுற்றிலும் வளையம் பூட்டிய கரைக்காரர்கள், மேய்க்க ஒன்றுமில்லாமல், கம்போடு நின்றார்கள்.

"இன்னா சொன்னாங்கடி?"

"ஒன்ன வுட்டுடுவாங்களாம். நான் பொய் சொன்னா."

அஞ்சலை காலை லேசாக ஆட்டிப் பார்த்தாள். "இது ஒண்ணும் அவ்ளோ கனமா இல்ல," என்றாள்.

மாதரசி படி இறங்கினாள். சந்தைக்கு இடப்பக்கம் போக வேண்டும். அவள் வலப்பக்கம் திரும்பி, கொட்டகைக்குப் போகிற வண்டிப்பாதையில் நடந்தாள். கேட்பதையெல்லாம் உள்ளேயே கேட்டு முடித்தாயிற்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சத்தம் போடாத சனம் இப்போதும் சத்தம் போடாமல் அவள் பின்னால் வந்தது. வளையங்கள் மட்டும் ஒலித்தன.