திருத்தத்தார் திருத்தாமல் விட்ட சட்டம்

இலங்கைத் தீவில் அச்சான எந்தத் தாளும் திருத்தத்தாரின் கைக்குப் போய், போனபடியே திரும்பி வந்ததில்லை. கலியாண அழைப்பிதழ் கொடுத்தால், பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். ஒருமுறை செத்த வீட்டிலேயே மரண அறிவித்தலைத் திருத்தி, கொள்ளி வைத்துவிட்டு வந்த மகனிடம் கொடுத்தார். மகன் அழுகையை நிறுத்தி, "ஓம் ஐயா, அச்சுக்காரன் விட்ட பிழை" என்று மன்னிப்புக் கேட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருந்த அரசாங்க சபை மெம்பர் அவர். எந்தச் சட்டம் வந்தாலும் திருத்தம் கொண்டுவருவார். நாய் வளர்க்க லைசென்ஸ் எடுக்கும் சட்டத்துக்கு மட்டும் பதினான்கு. அதனால்தான் அந்தப் பெயர். நான் அவருடைய டைப்பிஸ்ட். வேலை கேட்டு நான் எழுதிய கடிதம் ஏழு திருத்தங்களோடு திரும்பி வந்தது. அடியில் "திங்கட்கிழமை வரவும்" என்றிருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற காலத்தில் இலவசக் கல்விச் சட்டம் சபைக்கு வந்தது. அரிவரி முதல் பல்கலைக்கழகம் வரை பிள்ளைகள் கட்டணம் கட்டத் தேவையில்லை, செலவு அரசாங்கத்தினுடையது. வெள்ளவத்தைக் கனவான்கள் கலங்கிப்போனார்கள். எங்கள் பகுதியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்திய மனேஜர் ஒருவர், எதிர்ப்பு மனுவோடு வந்தார். தேர்தலில் ஐயாவுக்குக் காரும் ஆட்களும் கொடுத்தவர் அவர்தான்.

"ஐயா, கடைப் பியோன்ர மகனும் என்ர மகனும் வகுப்பில ஒரே வாங்கில இருக்கிறதோ?"

"வாங்கு போதாட்டிச் சொல்லுங்கோ. செய்விப்பம்."

பிறகு ஐயா மனுவை வாங்கி, அவர் முன்னாலேயே பதினொரு இலக்கணப் பிழைகளைச் சுழித்தார். "இதைத்தான் அங்க படிப்பிக்கிறீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஆனாலும் ஆதரிப்பார் என்று யாரும் நம்பவில்லை. நானும் திருத்தங்களை அடிப்பதற்காகத் தாள்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் பென்சிலால் ஏதோ எழுதி, அழித்துவிட்டார். மூன்றாம் நாள், "தம்பி, மெஷினை மூடும்" என்றார். நான் பயந்துபோய் ஐயாவின் மனைவியிடம் சொன்னேன். அம்மா வந்து கணவரின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, கொத்தமல்லி அவிக்கப் போனார்.

"பிழை ஒண்டும் இல்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"ஆறு கிடக்கு. திருத்தம் எண்டு நான் எழும்பினா இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுவினம். தள்ளிப்போட்டா ஆக்கள் மனம் மாறுவினம். கிடக்கட்டும்."

சொல்லும்போது அவர் குரல், பல்லுப் பிடுங்கக் கொடுத்தவரின் குரல்போல் இருந்தது.

சட்டம் விவாதத்துக்கு வந்த அன்று நான் சபையின் பார்வையாளர் பகுதியில் இருந்தேன். ஐயா எழும்பியதும் பழக்கதோஷத்தில் பாதிப் பேர் தேநீருக்கு வெளியே போனார்கள், பத்திரிகைக்காரர் உட்பட. "இதை முழுமையாக ஆதரிக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திருத்தங்கள் எங்கே என்று சபாநாயகர் கேட்டார். இல்லை என்றார். சபாநாயகர் இன்னொருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில், வழக்கம்போல் எதிர்த்தவர்கள் பட்டியலில் அவர் பெயர். மனேஜர் ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு நன்றி சொல்ல வந்தார்.

"நான் ஆதரிச்சனான்" என்றார் ஐயா.

மனேஜர் கூடையை அவர் பக்கம் தள்ளினார். "நீங்கள் என்ன செய்தீங்கள் எண்டது எனக்கு வேண்டாம் ஐயா. பேப்பரில அப்பிடிக் கிடக்கு. அப்பிடியே கிடந்தா அடுத்த தேர்தலுக்கும் கார் வரும்."

அவர் கூடையை வைத்துவிட்டுப் போனதும் அம்மா சொன்னார்: "சட்டம் எப்பிடியும் வரப்போகுது. நீங்கள் பேசாமல் இருங்கோவன்."

ஐயா பேப்பரைப் பார்த்தார். மாம்பழத்தைப் பார்த்தார். மெஷினைத் திறக்கச் சொன்னார். பத்திரிகைக்குப் போன கடிதம் ஒரே வரி: நேற்றைய செய்தி பிழை, நான் ஆதரித்தேன். அது அச்சான அன்று காலையிலேயே கூடையைக் கேட்டு மனேஜரின் ஆள் வந்தான். அம்மா கூடையைக் கொடுத்தார். பழம் முடிந்திருந்தது.

அடுத்த தேர்தலில் மனேஜரின் கார்கள் எல்லாம் எதிராளிக்கு ஓடின. ஐயா தோற்றார். முடிவைக் கேட்டுவிட்டு இருவரும் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மெம்பராக இருந்த இத்தனை வருஷத்தில் அவர் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். கடற்காற்றில் அவருடைய நரைமயிர் என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தை வந்தது. எனக்கு எழுப்ப மனம் வரவில்லை. கல்கிசை வரை போய்த் திரும்பினோம்.