அப்பாவுக்கு அறிவு பதினெட்டு

பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால், அது எதற்கான பரீட்சை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. எத்தனை மார்க் என்பதுதான் கேள்வி. மாட்டுங்காவில் தலைமுறை தலைமுறையாகக் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த வம்சம் (அதாவது மார்க் வாங்கியே பிழைத்த வம்சம்).

நானோ, நரை விழுந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர் வீட்டு ஹாலில் நண்பர்களோடு பகடை உருட்டுகிறவன். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம்: ஒருவன் மந்திரவாதி, ஒருவன் வாள்வீரன். பாத்திரத்தின் பலம், அறிவு, விவேகம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. மூன்று பகடை உருட்டினால் அதிகபட்சம் பதினெட்டு. ஒருநாள் நிஜ மனிதர்களுக்கும் எண் போடத் தொடங்கினோம். பள்ளி இறுதி மார்க் சதவீதத்தை ஐந்தால் வகுத்தால் அறிவு என்று நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். விவேகத்துக்குச் சூத்திரம் இல்லை. (எனக்கு அது ஆறு என்று நண்பர்கள் ஏகமனதாகச் சொன்னார்கள். அப்போது கோபம் வந்தது.)

ரயில்வே கணக்குப் பிரிவில் ரிடையரான அப்பா சோபாவிலிருந்து கேட்டார்.

"எனக்கு எவ்ளோடா கோபு?"

"நீங்க தொண்ணூறு வாங்கினவர். பதினெட்டுப்பா, ஃபுல்."

மறுநாளே காய்கறிக்காரர்வரை விஷயம் போய்விட்டது.

சில மாதங்களில் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்து, குளித்தேனா என்று கேட்பார். சயானில் ஒரு டாக்டர் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார். முப்பது மார்க்.

"கொறைஞ்சுடுத்துன்னா என்னடா பண்றது?" என்றார் அப்பா. அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கொறையாது. நான் பாத்துக்கறேன்."

எங்கள் விளையாட்டில் எண்ணை அழித்துக் கூட்டி எழுதினால் பாத்திரம் நிஜமாகவே புத்திசாலியாகிவிடும். அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நம்பினேன். அந்தக் கேள்வித்தாள் நெட்டில் கிடைத்தது. தினமும் காலையில் ட்யூஷன். கடிகாரம் வரையணும், சொல்லும் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லணும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கணும். தப்பு விட்டால் அம்மா அன்றைய நியூஸ் பேப்பரை அவர் கண்ணில் காட்டமாட்டாள்.

அப்பா முப்பதுக்கு முப்பது வாங்கினார். வயதானால் வரும் சாதாரண மறதிதான் என்று டாக்டர் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். அம்மா பாயசம் வைத்து, மாடிக்கு மாடி ஏறிக் கொடுத்தாள். நான் கோச்சிங் கிளாஸ் முதலாளி மாதிரி பின்னாலேயே போனேன்.

மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள், காய் வாங்க மாட்டுங்கா போகிறேன் என்று கிளம்பியவர் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டார். வருஷக்கணக்காகப் போய்வந்த பாதை. சாயந்தரம் பன்வேலிலிருந்து ரயில்வே போலீஸ்காரர் போன் செய்தார். பர்ஸிலிருந்த அட்டையில் என் நம்பர் இருந்ததாம்.

"அங்கிள் கா ஹிசாப் ஏக்தம் பராபர்" என்றார் அவர் இந்தியில், அதாவது கணக்கில் அப்பா கச்சிதமாம். வீடு எங்கே என்று கேட்டால் அப்பா நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே போகிறாராம்.

டாக்டர் இந்தத் தடவை வேறு கேள்வித்தாள் கொடுத்தார். முப்பதுக்கு ஒன்பதுதான் வந்தது. நான் ட்யூஷனை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தையாவது பிடித்து வைத்திருக்கலாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் நிற்கவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எந்த டெஸ்ட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். போன மாதம் என் தங்கை சர்க்கரை டெஸ்ட்டுக்குக் கிளம்பினாள்.

"கோபுகிட்ட ட்யூஷன் எடுத்துண்டியோ?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையைத் தொட்டார்.

"யாரு சார் அந்த கோபு? பாவம், எல்லாருமா அவனைப் போட்டு இப்படி வார்றாளே."