கெல்வினின் கறுப்பு வில்லைகள்

கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் வேலை தேடி வந்தவர்கள் உண்டு, வியாபாரம் தேடி வந்தவர்கள் உண்டு, பெண்டாட்டிக்குப் பயந்து வந்தவர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு. குளிரைத் தேடி அலைந்த ஒரே மனிதர் கெல்வின்தான். அதுவும் பிரிக்பீல்ட்ஸில், தகரக் கூரைக்கு நேர் கீழே, ஒற்றை மின்விசிறியை அவரும் நானும் பங்கு போட்டுக்கொண்ட மாடி அறையில்.

கெல்வின் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவருடைய பெயர் மிகவும் நீளம், அதை அவரே முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். எந்தச் சூட்டையும் விஞ்ஞானிகளின் கெல்வின் அளவில்தான் சொல்வார்; நம்முடைய டிகிரியோடு இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டினால் அந்தக் கணக்கு. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில், "பாய், முந்நூத்தி நாப்பதுல ஒரு தே" என்று டீ கேட்பார். அது என்ன நம்பர் என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். "கெல்வின்" என்று இவர் சொன்னார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் கெல்வின். கிறிஸ்துமஸ் சமயத்தில் மாதாகோயில் பிள்ளைகள் பெயரை நம்பி எங்கள் வாசலுக்கு வந்து அவருக்கென்றே பாடினார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு நின்று கேட்டுவிட்டு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார்.

ஒருமுறை அவருக்குக் கடுமையான காய்ச்சல். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

"வீட்டுல பார்த்தப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"முந்நூத்திப் பன்னெண்டு, டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவரு வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அப்போது எண்பதுகளின் கடைசி. உலகத்து இயற்பியல்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பைத்தியம் பிடித்திருந்த நேரம். மூன்று விதமான பொடிகளைக் கலந்து அரைத்து, உலையில் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, ஆக்சிஜன் வாயுவில் மெதுவாக ஆறவிட்டால் ஒரு கறுப்பு வில்லை கிடைக்கும். பார்வைக்கு அடிப்பிடித்த அதிரசத் துணுக்கு. ஆனால் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிர வைத்தால் அதற்குள் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். மேலே ஒரு சின்னக் காந்தத்தை வைத்தால் காந்தம் அந்தரத்தில் நிற்கும். மீக்கடத்தி என்று அதற்குப் பெயர். நான் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்ததால் அந்தச் சொல்லைத் தப்பில்லாமல் எழுத மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த வில்லையைச் செய்யக் கெல்வின் ஒரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கொடுத்திருந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் ஒரு கிழட்டு உலை. பொடி அரைத்து அரைத்து அவருடைய வலது கை தூக்கத்தில்கூட வட்டம் போடும். உலையில் வைத்ததை அவசரப்பட்டு எடுத்தால் கெட்டுவிடும் என்பதால் மனிதர் எதிலுமே அவசரப்படாமல் பழகிவிட்டார். அவர் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் நான் குளித்துச் சாப்பிட்டு வேலைக்கே கிளம்பியிருப்பேன்.

மிச்சமாகும் திரவ நைட்ரஜனைக் குடுவையில் பிடித்துக்கொண்டு மினி பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். குடுவையை இறுக மூடினால் வெடிக்கும், அதனால் வாயைத் தளர்வாகத்தான் அடைப்பார். வழியெல்லாம் வெள்ளைவெள்ளையாகக் கக்கிக்கொண்டே வரும்.

"அண்ணே, என்ன லா இது, பொகையுது!" என்று ஒருநாள் கண்டக்டர் அலறினான்.

"பொகை இல்ல தம்பி. குளிரு. எழுபத்தேழுதான்."

எழுபத்தேழு என்றதும் பாதி பஸ் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டது. மீதிப் பாதி அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. கெல்வினுக்கு ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. குடுவைக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார்.

வீட்டில் அதை வில்லைமேல் ஊற்றிப் பார்ப்பார். காந்தம் அசையாது. கீழ்வீட்டு மகேஸ்வரி அக்கா, எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டவர், எட்டிப் பார்த்துக் கேட்பார்: "மிச்சத்துல ஐஸ் செஞ்சு, துருவி, பாகு ஊத்தி ஐஸ் கச்சாங் போடலாமா தம்பி?"

அப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அந்த வருடம் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் கெல்வின் மாடிப்படியில் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பதே செய்தி.

"நின்னுச்சு! அந்தரத்துல நின்னுச்சு!"

நான்கு வில்லைகள் ஒரே சூட்டில் தேறியிருந்தன. நல்ல நேரத்தில்தான் தேறின. ஏனென்றால் தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் வந்து பார்ப்பதாக இருந்தது. காந்தம் மிதந்தால் அறையும் உலையும் கெல்வினுக்கு. மிதக்காவிட்டால் அந்த அறையில் ஜெராக்ஸ் இயந்திரம் வைப்பது என்று முடிவாகிவிட்டது. மெஷின் ஏற்கெனவே வந்து வாசலில் உட்கார்ந்திருந்ததாம்.

இந்த வில்லைக்கு ஒரே எதிரி ஈரம். நம்முடைய ஊரில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். வியாழக்கிழமை தீபாவளி, சேர்ந்தாற்போல் விடுமுறை, பல்கலைக்கழகத்தில் ஏர்கோனை அணைத்துவிடுவார்கள். கெல்வின் ஒரு பிஸ்கட் டின்னில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பரப்பி, வில்லைகளை அடுக்கி, வீட்டுக்குக் கொண்டு வந்தார். வீட்டில் காய்ந்த இடம் எது என்று ஈரமானியை வைத்துக்கொண்டு அறை அறையாக அளந்தார். விஞ்ஞான முறைப்படி அவர் கண்டுபிடித்த இடம் மகேஸ்வரி அக்காவின் பலகார அலமாரி. முறுக்கு நமுத்துப் போகாமல் இருக்க உள்ளே எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். அங்கே அக்காவின் பிஸ்கட் டின்கள் வரிசையாக நின்றன. கெல்வினும் தன் டின்னை வரிசையில் வைத்தார்.

தீபாவளியன்று காலை அக்காவின் கணவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுபவர், அந்த அலமாரியைச் சுத்தமாகக் காலி செய்து, டின்களைத் தன் டாக்ஸியில் ஏற்றி, ஊரெல்லாம் கொடுத்துவிட்டு வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நிதானமாகக் கீழே வந்த கெல்வின் அலமாரியைத் திறந்தார். பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, என் டின்னு?"

"உன் டின்னா? எல்லாம் என் டின்னுதானே!"

"யாராச்சும் கடிச்சிட்டா என்னக்கா பண்றது? உள்ள பேரியம் இருக்கு, வயித்துக்கு ஆகாது!"

நான் தொலைபேசியை நோக்கிப் பாய்ந்தேன். அக்கா அதற்கு முன்னால் வந்து நின்றார். "தீபாவளி அன்னிக்கு ஃபோன் போட்டு, எங்க வீட்டுப் பலகாரத்தச் சாப்புடாதீங்கன்னு சொல்லுவியா? நான் அப்புறம் இந்தத் தெருவுல நடக்கணுமா வேணாமா? நேரா போயி, பக்குவமா பேசி வாங்கிட்டு வாங்க."

டாக்ஸி கிளம்பியது. அங்கிள் ஓட்ட, கெல்வின் முன்னால், நான் பின்னால்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தீபாவளியன்று ஒரு வீட்டு வாசலை மிதித்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்ப முடியாது. கொடுத்த பலகாரத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. முதல் வீட்டில் கெல்வின் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அங்கிள் முந்திக்கொண்டார்.

"இவரு யுனிவர்சிட்டியில முறுக்கு ஆராய்ச்சி பண்றாரு. எங்க வீட்டு டின்ன ஒரு தடவ தொறந்து பார்க்கணுமாம்."

அவ்வளவுதான். அந்த வீட்டில் இருந்த அத்தனை டின்களும் வந்தன. அவர்கள் முறுக்கு, சம்பந்தி வீட்டு முறுக்கு, எதிர்வீட்டு ஓமப்பொடி. எது முதல் தரம் என்று விஞ்ஞானி சொல்லியே ஆக வேண்டும். ஆட்டுக்கறிக்கும் தோசைக்கும் பிறகு நாங்கள் வெளியே வந்தபோது அக்காவின் டின்னில் முறுக்குதான் இருந்தது என்பது உறுதியாகியிருந்தது.

செராஸில் ஒரு வீட்டில் கோழிக்கறி. அடுத்த வீட்டில் மறுபடி ஆட்டுக்கறி. அங்கிளின் சீனச் சிநேகிதர் வீட்டில், அவர் எங்களுக்காகவே தன் கையால் செய்த தோசை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் டின்னைத் திறக்கும்போது கெல்வின் கண்ணை மூடிக்கொள்வார். முறுக்கைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடும். "என்ன சார், முறுக்கு அவ்வளவு மோசமா?" என்று வீட்டுக்காரர்கள் கலங்குவார்கள்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல அக்கா. இன்னும் ரெண்டு வைங்க" என்று நான் சமாளிப்பேன்.

கடைசியாக ஒரே ஒரு வீடு பாக்கி. கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹாஜியார் வீடு. நாங்கள் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. வழியில் ஷா ஆலம் தாண்டும்போது கெல்வின், "ஜெராக்ஸ் மெஷினும் பாவம், அதுக்கும் எடம் வேணும்ல" என்றார். அந்த மனிதருக்காக அன்று எனக்கு வந்த வருத்தம், என் சொந்தக் கஷ்டத்துக்குக்கூட வந்ததில்லை.

கதவைத் திறந்ததும் ஹாஜியம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க! மகேஸ்வரிக்கு என்னா மனசு! நாங்க வெசாழக்கெழம மஃரிபு தொழுகைக்கு அப்புறம் சாம்பிராணி போடுவோம்னு ஞாபகம் வச்சி, முறுக்குக்குப் பதிலா சாம்பிராணி வில்லை குடுத்தனுப்பியிருக்கா பாருங்க!"

கெல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. மட்டமான சாம்பிராணி. ஒன்னப் போட்டு அரை மணி நேரமாச்சு, துளிப் பொக வரல. இப்பத்தான் ரெண்டாவதப் போடலாம்னு எடுத்தேன்."

தூபக்காலில் கனன்ற கரிக்கு நடுவே கெல்வினின் வில்லை ஒன்று அமைதியாகப் படுத்திருந்தது. ஹாஜியம்மாவின் விரல்களுக்கு நடுவே இன்னொன்று. கெல்வின் என் அறிவுக்கு எட்டியவரை வாழ்க்கையில் இரண்டாவது முறையாக ஓடினார். வில்லையை வாங்கி டின்னில் வைத்து மூடிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் அங்கிள் முழு உண்மையையும் சொன்னார். ஹாஜியம்மா கேட்டு முடித்துவிட்டு, "ஐயோ, புள்ளையோட பரீட்சைய எரிச்சிட்டேனே" என்று கலங்கிப்போனார். பிறகு எங்களுக்குப் பிரியாணி வைத்தார். சாப்பிட்டோம். எப்படிச் சாப்பிட்டோம் என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை மாடிப்படிக்கு அடியில் அதிகாரிகளுக்கே நிற்க இடம் போதவில்லை. காரணம், மகேஸ்வரி அக்கா பட்டுச் சேலையில் வந்திருந்தார். அங்கிள் வந்திருந்தார். மினி பஸ் கண்டக்டர் வந்திருந்தான். முடிவு தெரியாமல் சோறு இறங்காது என்று ஹாஜியம்மா கிள்ளானிலிருந்தே வந்துவிட்டார். கெல்வின் ஒரு வில்லையைத் தட்டில் வைத்து, அதன் மேல் காந்தத்தை வைத்தார். மூன்று வில்லைகள் தப்பியிருந்தாலும், ஈரம் எதைத் தின்றிருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. திரவ நைட்ரஜனை ஊற்றினார். குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பி மேசையை மூடியது.

"இப்பத்தான் பொக வருது!" என்றார் ஹாஜியம்மா, மனம் நிறைந்து.

"பொகை இல்லம்மா, குளிரு" என்று கண்டக்டர் விளக்கினான்.

வெள்ளை விலகியது. காந்தம் வில்லையைத் தொடாமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல், காற்றில் நின்றது. கெல்வின் அதை விரலால் மெல்லச் சுண்டினார். அது சுழன்றது. அதிகாரிகள் கைதட்டுவதற்குள் அக்கா குலவை போட்டுவிட்டார். ஜெராக்ஸ் இயந்திரம் நூலகத்துக்குப் போயிற்று.

கெல்வின் அந்த அறையில் பல வருடம் இருந்தார். பிறகு வேறு நாட்டில் இதைவிடப் பெரிய குளிர் கிடைத்துப் போனார். கிளம்பும்போது அந்தப் பழைய பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். உள்ளே தூபக்காலில் வெந்த வில்லை.

"இது செத்துருச்சு. ஒன்னுக்கும் ஆகாது. சும்மா வச்சுக்குங்க."

இன்றும் என் வீட்டு ஷோகேசில் இருக்கிறது. செத்துப்போன வில்லைக்கு ஈரம் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? இருந்தாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் டின்னைத் திறந்து, பழைய சிலிக்கா பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதிது வைத்து மூடுகிறேன்.